ஏற்புக் கடிதம் வருமுன் ஆய்வுத் திட்டத்தை முழுதாக அனுப்பாதீர்கள்

முதுமுனைவர் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய) ஆய்வுப் பணியோ உதவித்தொகையோ தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக, எனக்கு நேர்ந்ததைப் பதிவு செய்கிறேன். பேராசிரியரின் பெயரையோ பல்கலைக்கழகத்தின் பெயரையோ குறிப்பிடப் போவதில்லை; என்னிடம் சந்தேகம் இருக்கிறதே தவிர, நிரூபிக்கும் ஆதாரம் இல்லை.

ஐரோப்பிய ஆணையத்தின் மரீ கியூரி முதுமுனைவர் உதவித்தொகைக்கு ஆய்வாளர் தனியாக விண்ணப்பிக்க இயலாது. ஏற்கும் நிறுவனத்தின் மேற்பார்வையாளரே இணையவாயிலில் விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும். இறுதி நாள் வழக்கமாகச் செப்டம்பரில் வரும். ஆகவே மார்ச் மாதமே ஒரு பேராசிரியருக்கு எழுதினேன். மறுநாளே, முழு ஆய்வுத் திட்டத்தையும் அனுப்பும்படி பதில் வந்தது. அந்த வேகத்தை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் உழைத்து, நீர் வடிகட்டும் சவ்வுகளைப் பற்றி 10 பக்கத் திட்டத்தை அனுப்பினேன். அதன் பிறகு அவருடைய மின்னஞ்சல்கள் சுருங்கிக்கொண்டே வந்தன: ஜூனில் மூன்று வரி, ஜூலையில் ஒரு வரி, ஆகஸ்டில் விடுமுறை என்ற தானியங்கிப் பதில். இறுதி நாள் கடந்த பிறகு, "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று எழுதினார். பல்கலைக்கழகத்தின் ஆய்வு அலுவலகத்தைக் கேட்டபோதுதான், இதற்கென அவர்களுக்கு உள்காலக்கெடு ஒன்று உண்டு என்பதும், அதற்குள் என் பெயர் அவர்களிடம் போகவே இல்லை என்பதும் தெரிந்தன.

சில மாதங்கள் கழித்து அதே ஆய்வுக்குழு முனைவர் பட்ட மாணவரைத் தேடி வெளியிட்ட அறிவிப்பில், என் திட்டத்தின் மூன்று கட்டங்களும் அதே வரிசையில் இருந்தன. அதைக்கூடத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் சவ்வை 120 மணி நேரம் தொடர்ந்து சோதிப்பது என்ற வரியும் இருந்தது. அந்த எண்ணை நான் எந்த நூலிலிருந்தும் எடுக்கவில்லை. முனைவர் ஆய்வின்போது என் சவ்வுகள் நூறாவது மணி நேரத்தை ஒட்டிக் கிழிந்துகொண்டே இருந்ததால், அதைத் தாண்டியும் பார்த்துவிட வேண்டும் என்று நானாக வைத்தது. கேட்டதற்கு, இவை எங்கள் குழுவில் நெடுநாளாகப் பேசப்பட்டவை என்று பதில் வந்தது.

திட்டம் போனதைவிடக் காலம் போனதே பெரிய இழப்பு. முனைவர் பட்டம் பெற்று 4 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டிய, ஜெர்மனியின் ஹும்போல்ட் அறக்கட்டளை தரும் முதுமுனைவர் உதவித்தொகைக்கான என் தகுதி, இவருக்காகக் காத்திருந்த மாதங்களில் முடிந்துவிட்டது. ஒருவரையே நம்பி மற்ற வாய்ப்புகளை ஒத்திப்போட்டது என் தவறு. அதை அவர்மேல் சுமத்த மாட்டேன்.

இப்போது முதல் கடிதத்தோடு ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டுமே அனுப்புகிறேன். ஆய்வுக் கேள்வி அதில் இருக்கும், செய்முறை இருக்காது. அதே உதவித்தொகை அழைப்புக்கு அந்தப் பேராசிரியர் வேறு யாரையாவது ஏற்றிருக்கிறாரா, ஆய்வு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டாரா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்கிறேன். இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று முன்பு தயங்கியிருக்கிறேன். கோபித்துக்கொண்டவர் இதுவரை ஒருவர்தான், அவரோடு பணியாற்ற எனக்கும் விருப்பமில்லை. நான் அணுகும் பேராசிரியரின் குழுவிலிருந்து வெளியேறிய முதுமுனைவர் ஆய்வாளர்கள் இருவரிடமாவது பேசிய பிறகே அடுத்த மின்னஞ்சலை எழுதுகிறேன்.

சென்ற வாரம் ஒரு பேராசிரியர், ஆய்வு அலுவலகத்தையும் நகலில் சேர்த்தே பதில் அனுப்பியிருந்தார். 120 மணி நேரத்தைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை.