சுவர் அட்டையா, ட-ப-ம-வா? வீட்டில் தமிழ் படிக்கப் பழக்கிய அனுபவம்

தங்கச்சி மகனுக்கு நாலரை வயது. "எழுத்துச் சொல்லிக்கொடுக்கணும்க்கா. சுவரில் மாட்டுகிற அட்டை வாங்கினால் போதுமா, இல்லை நீ செய்த மாதிரி செய்யட்டுமா?" என்று போன வாரம் கேட்டாள். ஃபோனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. என் மகளுக்கு முதல் நான்கு மாதம் சுவர் அட்டை, அப்புறம் ட-ப-ம, அதாவது ட, ப, ம என்ற சில எழுத்துகளில் தொடங்கி உடனே அவற்றைக் கூட்டிச் சொல் படிப்பது, என்று இரண்டு வழியிலும் போய்ப் பார்த்தாயிற்று. இப்போது நான் இரண்டாவது வழியின் பக்கம்.

அட்டை மலிவு, படம் அழகு, வீட்டில் யார் வேண்டுமானாலும் விரல் வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். மகளும் அ முதல் ஃ வரை கடகடவென்று ஒப்பித்தாள். நடுவில் ஒன்றைத் தொட்டு "இது என்ன?" என்றால்தான் சிக்கல். அ, ஆ, இ என்று முதலிலிருந்து பாடிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்துவாள். படத்தைக் கையால் மறைத்தால் எழுத்தும் மறந்துவிடும்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பன்னிரண்டு உயிரெழுத்தும் தெரிந்த பிறகு அவளால் தானாகப் படிக்க முடிந்த சொற்கள் எத்தனை? ஆ, ஈ, அவ்வளவுதான். அட்டையிலேயே இருக்கிற 'இலை'யைப் படிக்க 'லை' வரவேண்டும், 'ஊஞ்சல்' படிக்க இன்னும் மூன்று எழுத்து வரவேண்டும். 247 எழுத்தும் முடியட்டும், பிறகு படிக்கலாம் என்றால், படிப்பது எதற்கு என்பதே குழந்தைக்குப் பல மாதம் தெரியாது. நான் வழியை மாற்றியது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

ட-ப-ம என் கண்டுபிடிப்பு இல்லை. கோடு இழுத்தாலே வந்துவிடுகிற ட, ப-வில் எழுத்துப் பயிற்சியைத் தொடங்குகிற ஆசிரியர்கள் பலர். நான் செய்ததெல்லாம், பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சதுரமாக வெட்டி, பின்பக்கம் ஓர் எழுத்து வீதம் எழுதியதுதான். புள்ளிக்கு ஸ்டிக்கர் பொட்டு. ம மேல் பொட்டு ஒட்டினால் ம். பொட்டை எடுத்தால் மறுபடியும் ம. மெய்யெழுத்து என்று நான் விளக்கவே இல்லை. அவளே ஒட்டியும் எடுத்தும் புரிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் ப, ட, ம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள். 'ட'-வைப் பட்டத்தில் வருவது போல அழுத்தித்தான் சொன்னாள். இரண்டாம் முறை வேகமாகச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, "படம்!" என்றாள். இந்த முறை 'ட' மெலிந்து, நாம் பேசுகிற மாதிரியே வந்தது. தமிழில் க, ச, ட, த, ப எல்லாம் இடத்துக்குத் தக்கபடி ஒலி மாறும். 'கல்'லில் ஒரு க, 'தங்கம்' என்பதில் வேறொரு க. அட்டையைப் பார்த்து எழுத்தைத் தனியாகச் சொல்லும்போது இது பிடிபடாது. குழந்தைக்கு ஏற்கெனவே வாயில் இருக்கிற சொல்லாக இருந்தால், தானே திருத்திக்கொள்ளும்.

மூன்று எழுத்திலேயே படம், மடம், பட்டம், மட்டம் கிடைத்துவிடும். க, ர, ல, வ, ழ சேர்த்தால் மரம், கல், கடல், கப்பல், வட்டம், பழம். துணைக்காலைத் தனித் துண்டாக வெட்டி வைத்த அன்று பால், கால், பாப்பா, மாமா என்று நீண்டுகொண்டே போனது. அன்றைக்கு அவளைத் தூங்க வைப்பதே பெரும்பாடு.

கொம்பில் வந்து நின்றோம். 'ெ' இடப்பக்கம் நிற்கிறது, ஒலி மெய்யெழுத்துக்குப் பிறகு வருகிறது. துண்டுகளாகப் பழகிய குழந்தை கொம்பைத்தான் முதலில் படிக்கப் பார்க்கும். சுவர் அட்டையில் 'கெ' முழுசாக மனதில் பதிவதால் இந்தக் குழப்பம் குறைவு. உகரமும் அப்படித்தான். கு, டு, மு ஒரு சாயல். சு, பு, வு வேறு சாயல். து, நு, லு இன்னொரு சாயல். ஒரே துண்டை ஒட்டி இதைக் காட்ட முடியாது. அந்தக் கட்டத்தில் சுருட்டி வைத்திருந்த அட்டையை மறுபடியும் மாட்டி, உகர எழுத்துகளைச் சாயல் சாயலாகத் தேட விட்டேன். அதனால் தங்கச்சி, அட்டையும் வாங்கு. ஆனால் தொடக்கம் அதில் வேண்டாம்.

ஃபோன் செயலிகளை ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டேன். சரியாகத் தொட்டால் கைதட்டுகிறது. அவள் கைதட்டலுக்காகத் தொட்டாள். பெரிய பிள்ளைகளுக்குப் பயன்படலாம். ஃபோனில் நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம். முதல் நிலைத் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இரவில் நான் படிப்பேன், தெரிந்த சொல் வந்தால் அவள் படிப்பாள்.

ஒன்று சொல்லணும். நான் பழக்கியது ஒரே குழந்தையை, அதுவும் நாள் முழுக்கத் தமிழில் வாயாடுகிறவளை. வீட்டில் தமிழ் அதிகம் பேசாத குழந்தைக்குப் 'படம்' என்று தானே திருத்திக்கொள்வது இவ்வளவு எளிதாக வராது என்றுதான் தோன்றுகிறது. அங்கே கதை சொல்லிச் சொல்லி முதலில் சொற்களைச் சேர்க்கணும். தங்கச்சி மகன் விஷயத்தில் அந்தக் கவலை இல்லை, அவன் வாய் ஓய்வதே இல்லை.

எங்கள் துண்டு அட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன். ழ மட்டும் கிழிந்துவிட்டது, புதிதாக எழுதணும். பொட்டு அட்டை மட்டும் நீ வாங்கி வை. சிவப்பாக, பெரியதாக.