காவிரித் தீர்ப்பைச் சுருக்க மேக் கணினியில் இரு கருவிகள்

காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று வழங்கிய ஆங்கிலத் தீர்ப்பு நானூறு பக்கங்களைத் தாண்டியது. மன்னார்குடியிலோ திருவையாற்றிலோ உழவர் கூட்டத்திற்காக அதன் சாரத்தைத் தயாரிப்பவருக்கு, மேக் கணினியிலேயே இரண்டு கருவிகள் உள்ளன.

பல்லாண்டுகளாக சர்வீசஸ் மெனுவில் இருந்துவரும் 'சம்மரைஸ்' புதிதாக எதையும் எழுதுவதில்லை. முக்கியமெனக் கணிக்கும் வாக்கியங்களை மூலத்தில் உள்ளபடியே பொறுக்கித் தருகிறது. சுருக்கத்தின் அளவை நாமே கூட்டிக் குறைக்கலாம். வாக்கியங்களின் தொடர்பு அறுந்துபோவதே இதன் குறை.

இரண்டாவது, 2024 அக்டோபரில் மேக் இயங்குதளமான மேக்ஓஎஸ் 15.1 உடன் வந்த, ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் என்னும் செயற்கை நுண்ணறிவு வசதியின் எழுத்துக் கருவிகள். இவற்றுக்கு எம்1 அல்லது அதற்குப் பிந்தைய சிப் வேண்டும். இவை தம் சொற்களில் எழுதுவதால் படிக்க இதமாக இருக்கும். என் அச்சமும் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்ததைச் சொல்லிவிட்டு, இங்குள்ள நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்ததே அக்குறைப்பின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பதைச் சுருக்கம் விட்டுவிட்டால், சரளமான நடையே அந்த இடைவெளியை மறைத்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிக் குறுவை நடுபவர் முதலில் அறிய வேண்டியது அந்தக் காரணத்தைத்தான்.

ஆகவே தீர்ப்புக்கும் அரசாணைக்கும் பழைய கருவியையே பரிந்துரைப்பேன். எண்ணும் நிபந்தனையும் குறைவான நீண்ட கட்டுரைகளுக்குப் புதியது போதும்.