கீழ்க்குழல் கூடு மட்டும் ஏன் தெறிக்கவில்லை? ஏழு வருட ‘செனாப்பாங் பாத்தா’ அனுபவம்

சுபாங் சுடுதளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வானில் பறக்கும் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் ஆட்டத்தில் இரண்டு தட்டுகளையும் உடைத்த பெருமையோடு துப்பாக்கியை மடக்கினேன். மேல்குழலின் காலிக்கூடு தோளைத் தாண்டிப் பறந்தது. கீழ்க்குழலில் இருந்தது கொஞ்சம் எழும்பி, அப்படியே நின்றுவிட்டது. நகத்தால் கெல்லித்தான் எடுத்தேன்.

என்னுடையது 12 போர் (குழலின் விட்ட அளவு), மேலும் கீழுமாக இரட்டைக்குழல், இத்தாலித் தயாரிப்பு. மலாய்க்காரர்கள் இந்த ரகத்தை ‘செனாப்பாங் பாத்தா’ என்பார்கள். பாத்தா என்றால் ஒடிந்தது; கீலில் மடக்கித் திறந்து தோட்டா போடுவதால் அந்தப் பெயர். வாங்கி மூன்றாவது வருடம் நடந்தது இது. பெயருக்கேற்ப எதுவோ உள்ளே ஒடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கடையில் கொடுத்தேன். “ஸ்ப்ரிங் தளர்ந்துபோச்சு” என்று சொல்லிப் புது ஸ்ப்ரிங் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு அதே கதை. பழைய ஸ்ப்ரிங்கை வாங்கி வைத்திருந்தேன். இன்னொரு புது ஸ்ப்ரிங்கின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இரண்டும் ஒரே உயரம். அன்றைக்குத்தான் வேறு எங்கோ கோளாறு என்று உறைத்தது.

கூட்டை வெளியே தள்ளும் பாகத்துக்கு எஜக்டர் என்று பெயர். அதன் வேலை எளிது. சுத்தி (விசையை இழுத்ததும் தோட்டாவை வெடிக்க வைக்க விழும் பாகம்) விழுந்த குழலில் மட்டும், துப்பாக்கி கிட்டத்தட்ட முழுசாகத் திறக்கும் நேரத்தில் பூட்டு விடுபட்டு, ஸ்ப்ரிங் கூட்டை உதைத்துத் தள்ளும். சுத்தி விழாத குழலில் தோட்டா சும்மா எழும்பி நிற்கும், கையால் எடுத்துக்கொள்ளலாம். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சுத்தி விழுந்தும் வெடிக்காத தோட்டாவையும் அது காலிக்கூடு மாதிரியே தூக்கி எறியும். அதனால் ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் குழலைத் தளத்தை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருந்து, அப்புறம்தான் திறப்பேன்.

எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார், தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சுட்ட கூடுகளைப் பொறுக்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார். கீழ்க்குழல் கூடுகள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் நகக்கீறல் மாதிரி பளபளப்பான ஒரு தடம். “கொக்கி புடிச்சி இழுக்குது தம்பி, கூடுதான் உள்ள ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது” என்றார். கொக்கி என்று அவர் சொன்னது, கூட்டின் விளிம்பைப் பிடிக்கும் எஜக்டர் முனையை. பிறகு குழலைக் கழற்றி எஜக்டர் ஓடும் பள்ளத்தைப் பார்த்தவர், “தீபாவளிக்குத் தலைக்கு வைக்கிற எண்ணெய்ய இதுக்குள்ள ஊத்திட்டீங்களா?” என்று கேட்டார்.

ஊற்றித்தான் இருந்தேன். கோலாலம்பூர் ஈரத்துக்குத் துரு பிடித்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு வாரமும். அந்த எண்ணெயும் மருந்துக் கரியும் சேர்ந்து பழுப்பாக, பலாப்பிசின் மாதிரி இறுகிக் கிடந்தன. ஒற்றைத் தட்டுக்கு எப்போதும் கீழ்க்குழலைத்தான் முதலில் சுடுகிறேன். அழுக்கும் அங்கேதான் அதிகம். போதாததற்கு, தோட்டா உட்காரும் அறையில் பிளாஸ்டிக் உருகிப் படிந்திருந்தது. அந்த வருடம் நான் வாங்கிய மலிவுத் தோட்டாக்களின் அடிப்பாகம் பித்தளை பூசிய இரும்பு. சுடும்போது விரிந்தால் பித்தளை அளவுக்குச் சுருங்கி விடுபடாது. சறுக்குகிற அறையாக இருந்தால் தெரியாது, படிந்த அறையில் கவ்விக்கொள்ளும்.

வெண்கலப் பிரஷ்ஷில் கரைப்பான் தொட்டு இருபது தடவை. பள்ளத்துக்குப் பழைய டூத்பிரஷ், காதுக்குச்சி. கடைசியில் ஊசி முனையில் ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவே. கிரீஸ் கீல் பகுதிக்கு மட்டும். இன்றும் இதைத்தான் செய்கிறேன், அதற்குப் பிறகு ஸ்ப்ரிங் மாற்றவில்லை.

மாதம் ஒரு முறை வீட்டில் சோதிப்பதும் உண்டு. நிஜத் தோட்டா பெட்டியில் பூட்டியிருக்க, போலித் தோட்டா இரண்டைப் போட்டு, விசையை இழுத்து, கட்டிலில் துண்டு விரித்து அதன்மேல் திறப்பேன். இரண்டும் ஒரே தூரத்தில் விழ வேண்டும். ஒன்று முன்னாலேயே குதித்தால் பூட்டு விடுபடும் நேரம் பிசகியிருக்கிறது என்று அர்த்தம். அதில் நான் கைவைப்பதில்லை. புதியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். சில துப்பாக்கிகளில் முதல் குழலின் உதைப்பு வந்தால்தான் விசை இரண்டாவதற்கு மாறும். போலித் தோட்டாவில் உதைப்பு ஏது? பின்கட்டையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இழுக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாவது சுத்தி விழவே விழாது, எஜக்டர் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவீர்கள்.

கூட்டின் விளிம்பு கொக்கியை நழுவி அதற்கு அடியில் போய்விட்டால்தான் பெரிய தொல்லை. துப்பாக்கி மூடவும் மூடாது. சுட்ட கூடு என்று கண்ணால் பார்த்து உறுதியானால் மட்டும் வாய்ப்பக்கத்திலிருந்து மரக்குச்சியால் தள்ளலாம். வெடிக்காத தோட்டாவாக இருந்தால் தொடாதீர்கள், தளப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

செந்தூல் வீட்டு அலமாரியில் துப்பாக்கியை உறையோடு வைப்பதில்லை. பஞ்சு ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்டிருக்கிறேன். நீலம் வெளிறி ரோஸ் நிறத்துக்கு வந்ததும் அதற்கென்றே ஒதுக்கிய பழைய குவாலியில் வறுத்தெடுப்பேன். “சமையல் ரூமுக்குள்ள கொண்டு வராதீங்க” என்று மனைவி பின்கதவுக்கு வெளியே தனி அடுப்பே வைத்துக் கொடுத்துவிட்டாள்.

இப்போது கீழ்க் கொக்கியின் முனை லேசாக மழுங்கி வருகிறது, கூட்டின் விளிம்பில் அந்தத் தடம் கொஞ்சம் அகலமாகத் தெரிகிறது. அதை அரம் போட்டு நானே தீட்டப் போவதில்லை. 1960ஆம் வருடத்து ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் வேண்டும். உரிமம் உள்ள இன்னொருவரிடம் அடுத்த மாதம் கொண்டுபோகிறேன், பழைய ஸ்ப்ரிங்கையும் பையில் போட்டுக்கொண்டு.