கம்பெனி பேடா, வெளிப் பேடா?

பைக்கின் பிரேக் பேட் தேய்ந்து மாற்ற வேண்டி வந்ததும் முதலில் எழும் கேள்வி இதுதான்: கம்பெனி பேடே போடுவதா, வெளியில் கிடைப்பதைப் போடுவதா? பைக் கம்பெனிகள் பொதுவாகப் பேடைத் தாங்களே செய்வதில்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பாகங்களுக்கென்றே இருக்கும் நிறுவனங்கள் செய்து தருகின்றன, பைக் கம்பெனி அதைத் தன் பெட்டியில் போட்டு விற்கிறது. பிரெம்போ மாதிரி சிலர் பைக் கம்பெனிக்கும் கொடுக்கிறார்கள், தங்கள் பெயரிலும் விற்கிறார்கள். அதனால் பெட்டி யாருடையது என்பதை விட, உள்ளே இருக்கும் பேடின் கலவை என்ன, அதை யார் சோதித்தார்கள் என்று பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கம்பெனி பேடின் பெரிய பலம் பொருத்தம். உங்கள் வண்டியின் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க், பேடை அதன் மேல் அழுத்தும் காலிப்பர், லிவரை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் எல்லாவற்றோடும் சேர்த்து ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பேட் அது. லிவரை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பிடிக்கும் என்று உங்கள் விரலுக்கு ஏற்கெனவே தெரியும். திடீரென்று ஒரு நாய் குறுக்கே ஓடும்போது உதவுவது அந்தப் பழக்கம்தான். முன் பின் பிரேக் சேர்ந்து இயங்கும் வண்டியில் இது இன்னும் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகப் பிடிக்கும் பேடைப் போட்டால் இரண்டுக்கும் இடையிலான பங்கீடே மாறிவிடும்.

அதன் குறை, எல்லோருக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது என்பதுதான். புதிதாக ஓட்டப் பழகுபவர், பின்னால் ஆளை ஏற்றிச் செல்பவர், மழையில் ஓட்டுபவர் எல்லோருக்கும் ஒரே பேட். சத்தம் வரக் கூடாது, டிஸ்க் சீக்கிரம் தேயக் கூடாது என்ற கணக்கும் அதில் உண்டு. மலை இறக்கத்தில் பாரத்தோடு இறங்குபவருக்கு அது போதாமல் போகலாம்.

வெளிப் பேடில் கிடைப்பது தேர்வு. ஆர்கானிக், செமி மெட்டாலிக், சின்டர்டு என்ற மூன்று பெயர்களைத்தான் அடிக்கடி பார்ப்பீர்கள். ஆர்கானிக் என்பது அராமிட் போன்ற இழைகளைப் பிசினில் கலந்து கட்டியது. மென்மையாகப் பிடிக்கும், சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் உரசாது. ஆனால் சூடு ஏறஏறப் பிடி தளரும், நனைந்தால் முதல் கணம் வழுக்குவது போல இருக்கும், சீக்கிரம் தேயும். சின்டர்டு என்பது செம்பு, வெண்கலம் போன்ற உலோகத் தூள்களை அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஒன்றாக இறுக்கியது. ஈரத்திலும் சூட்டிலும் நன்றாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். பதிலுக்கு டிஸ்க்கைக் கூடுதலாகத் தேய்க்கும், வெப்பத்தையும் காலிப்பர் பக்கம் வேகமாகக் கடத்தும். அந்த வெப்பம் பிரேக் ஆயிலையும் எட்டும். டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். ஆகவே ஆயிலை மாற்றாமல் சின்டர்டு பேடை மட்டும் போட்டுக் கடுமையாக ஓட்டினால், ஆயில் கொதித்து லிவர் கைப்பிடி வரை அமுங்கிவிடலாம். செமி மெட்டாலிக் இரண்டுக்கும் நடுவில்.

ஆர்கானிக்குக்கென்றே வடிவமைத்த டிஸ்க்கில் சின்டர்டு போடுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பேடில் மிச்சப்படுத்தியதை விட டிஸ்க் மாற்றும் செலவு பெரிது. டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருப்பார்கள். பேட் வாங்கும் முன் அதை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

பேடின் இரும்புத் தகட்டைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும்: எஃப்எஃப், ஜிஜி, எச்எச் என்பது போல. முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு எவ்வளவு என்றும், இரண்டாவது கடும் சூட்டில் எவ்வளவு என்றும் சொல்கிறது. எஃப் என்றால் உராய்வுக் கெழு 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை, எச் என்றால் அதற்கும் மேல். எச்எச் என்று கண்டவுடன் வாங்கிவிட வேண்டாம். லைனிங்கின், அதாவது தகட்டில் ஒட்டியிருக்கும் உராயும் பொருளின், சின்னஞ்சிறு துண்டை வைத்து எடுத்த அளவு அது. உங்கள் வண்டியில் லிவர் எப்படி இருக்கும், எத்தனை நாள் உழைக்கும், கீச்சிடுமா என்பதை அது சொல்லாது. நான் அதிகம் மதிப்பது வட்டத்துக்குள் இருக்கும் ஆங்கில ‘ஈ’ (E) முத்திரையையும் அதனோடு வரும் ஆர்90 (R90) என்ற ஐ.நா. வாகன விதியின் எண்ணையும்தான். மாற்றுப் பேடின் செயல்திறன் அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று கேட்கும் விதி அது. பொருத்தம் என்று கம்பெனி பேடுக்குச் சொன்ன பலத்துக்கு வெளிப் பேட் நெருங்கி வரும் இடம் இதுதான்.

முத்திரையும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை என்றால் வேண்டவே வேண்டாம். ஒருமுறை அப்படி ஒரு ஜோடியைப் பின் சக்கரத்தில் போட்டேன். சில மாதம் கழித்து டிஸ்க்கில் விரலை வைத்தபோது இசைத்தட்டு போல வரிவரியாகத் தட்டியது. பேடைக் கழற்றினால் லைனிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே முடி அளவு விரிசல், அதற்குள் செந்துரு. நகத்தை நுழைத்து நெம்பினேன், ஒரு ஓரம் பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. அது முன் சக்கரத்தில், ஓடும்போது பெயர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. கம்பெனிப் பெட்டியிலும் போலி உண்டு. பெட்டியில் எழுத்துப் பிழை, மங்கலான அச்சு, தகட்டில் பாக எண் இல்லாதது எதைக் கண்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டி, முன்பு பிடித்தது போலவே பிடித்தால் போதும் என்றால் கம்பெனி பேடைப் போடுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. மழையிலும் மலையிலும் பாரத்தோடு ஓடும் வண்டி, டிஸ்க்கும் சின்டர்டைத் தாங்கக்கூடியது என்றால் பெயர் பெற்ற நிறுவனத்தின் சின்டர்டு, முன் சக்கரத்துக்கு மட்டும். பின் சக்கரத்தில் பழைய வகையே இருக்கட்டும். அங்கே பிடி கூடினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசும். உற்பத்தி நின்றுபோன பழைய மாடலுக்கு வெளிப் பேட்தான் வழி, ஆர்90 எண்ணைத் தேடிப் பிடியுங்கள். இரட்டை டிஸ்க் வண்டியில் இரு பக்கமும் ஒரே பேடாக, ஒன்றாக மாற்றுங்கள்.

எதைப் போட்டாலும் வண்டியை நகர்த்தும் முன் லிவரைப் பலமுறை அழுத்தி விடுங்கள். பேட் மாற்றும்போது காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள், முதல் சில அழுத்தங்களில் லிவர் வெறுமையாகத்தான் போகும். பிறகு முதல் 200, 300 கிலோமீட்டருக்கு முழு பலத்தோடு பிரேக் பிடிக்காமல், வேகத்தை நிதானமாகக் குறைத்துக் குறைத்து ஓட்டுங்கள். புதுப் பேடின் லைனிங் டிஸ்க் முழுவதும் மெல்லிய படலமாகப் படிய அவ்வளவு தூரம் தேவை. அது வரை முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தை விட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள்.