சல்பேட்டா, ஹைட்ராக்ஸியா, கீலேட்டா? கறிக்கோழித் தீவனத்தில் ஒரு சிட்டிகைச் சண்டை

போன மாதம் பினாங்கின் நிபோங் திபால் பக்கம் ஓர் அண்ணனின் கோழிக் கொட்டகைக்குப் போயிருந்தேன். முப்பத்திரண்டு நாள் கோழிகள். ஒன்றைப் பிடித்துக் காலைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்காலின் நடுவில் பத்துக் காசு அகலத்துக்குக் கறுத்த பொருக்கு. இன்னொன்றைப் பிடித்தேன், அதிலும் அதே கதை. “தம்பி, கீலேட் போட ஆரம்பிச்சு ரெண்டு பேட்ச் ஆச்சு. பில் ஏறினதுதான் மிச்சம்,” என்றார். எதற்குப் பதிலாகப் போட்டீர்கள் என்று கேட்டேன். “பதிலா எங்க? ஏற்கெனவே இருக்கிறதோட கூடத்தான்.”

இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் ‘கூட’வால்தான். துத்தநாகம், செம்பு, மாங்கனீஸ் போன்ற நுண்தாதுக்களைத் தீவனத்தில் சேர்க்கும் வடிவங்களில் ஒன்றுதான் கீலேட்; ஆக்ஸைடு, சல்பேட், ஹைட்ராக்ஸி மற்றவை. கம்பெனி ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்களுக்குத் தீவனம் மூட்டையாகவே வந்து இறங்கும், தேர்வு அவர்கள் கையில் இல்லை. சொந்தமாகக் கலக்கச் சொல்லி வாங்குகிறவர்களுக்கும், என்னைப் போல் ஆலையில் ஃபார்முலா போடுகிறவர்களுக்கும்தான் இந்தத் தலைவலி. விற்பனைக்காரர் கீலேட்டைக் காட்டி “ஆர்கானிக் தாது பாஸ், நல்லா உறிஞ்சும்” என்பார். சரி, எதைவிட நன்றாக? எந்த அளவில்? இந்த இரண்டையும் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

முதலில் அளவு. 35 நாளில் ஒரு கோழி மூன்றேகால் கிலோ சொச்சம் தீவனம் தின்கிறது. கிலோவுக்கு 100 மில்லிகிராம் துத்தநாகம் சேர்த்தால், அதன் ஆயுள் முழுக்க உள்ளே போவது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்க தேசிய ஆய்வு மன்றத்தின் 1994 பட்டியல் கறிக்கோழிக்குக் கேட்டது கிலோவுக்கு 40 மில்லிகிராம் துத்தநாகம், 60 மாங்கனீஸ், 8 செம்பு, 0.15 செலினியம். இன்றைய ராஸ், காப் கறிக்கோழி இனக் கையேடுகள் துத்தநாகத்தையும் மாங்கனீஸையும் 100 அல்லது அதற்கு மேல் கேட்கின்றன. செம்பு சுமார் 16, செலினியம் சுமார் 0.3. கோழி வேகமாக வளர்கிறது என்பது ஒரு காரணம். பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இவ்வளவு சேர்த்தும் ஏன் பற்றாக்குறை பேச்சு வருகிறது? நாம் கொட்டும் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் பெரும்பாலும் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருபவை. அவற்றுக்குள்ளேயே கிலோவுக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் துத்தநாகம் இருக்கிறது. ஆனால் அவற்றிலுள்ள பைட்டேட் (விதைகள் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் சேர்மம்), துத்தநாகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு அதிகமானால் பிடி இன்னும் இறுகும். பைட்டேஸ் நொதி சேர்த்தால் பிடி தளரும். நுண்தாது வியாபாரச் சண்டை முழுவதும் இந்தப் பைட்டேட்டிடம் சிக்காமல் குடல் வரை போய்ச் சேருவது யார் என்பதுதான்.

ஆக்ஸைடை நான் போட்டிக்கே எடுக்க மாட்டேன். துத்தநாக ஆக்ஸைடில் 72 சதவீதத்துக்கு மேல் துத்தநாகம் இருக்கிறது, மூட்டையில் இடம் மிச்சம், விலையும் மலிவு. ஆனால் கோழியின் உடம்புக்குப் பயன்படுவது சல்பேட்டோடு ஒப்பிட்டால் பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில், அதுவும் யார் தயாரித்தது என்பதைப் பொறுத்து மாறும். வழக்கமான செம்பு ஆக்ஸைடு (CuO) இன்னும் மோசம். கோழிக்கு அது கிட்டத்தட்ட மண்ணைப் போட்ட மாதிரி. மலிவான பிரிமிக்ஸின் (தாதுவும் வைட்டமினும் முன்கூட்டியே கலந்த பொடி) லேபிளில் செம்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஆக்ஸைடு என்றிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

சல்பேட் நமக்குப் பழகின ஆள். துத்தநாகச் சல்பேட்டில் சுமார் 35 சதவீதம் துத்தநாகம், மாங்கனீஸ் சல்பேட்டில் சுமார் 32 சதவீதம் மாங்கனீஸ், நீலத் துத்தத்தில், அதாவது செம்புச் சல்பேட்டில், 25 சதவீதம் செம்பு. தண்ணீரில் உடனே கரையும். அதன் பலமும் அதுதான், வம்பும் அதுதான். கோழியின் கழுத்தடித் தீனிப்பையிலேயே கரைந்து, குடலை எட்டுவதற்குள் பைட்டேட்டோடு கைகோத்துக்கொள்ளும். அதற்கும் முன்பே ஸ்டோரில் ஒரு கூத்து நடக்கிறது. பினாங்கின் ஈரக் காற்றில் மூன்று மாதம் கிடந்த பிரிமிக்ஸ் மூட்டையின் தையலைப் பிரித்துப் பாருங்கள்: ஓரத்தில் பிடிகொழுக்கட்டை போல் கட்டி, உடைத்தால் நடுவில் நீலப் புள்ளி. அந்த ஈரத்தில் செம்பும் இரும்பும் வைட்டமின்களையும் கொழுப்பையும் தின்றுகொண்டிருக்கும். வைட்டமின் போலச் சேர்க்கும் கோலின் குளோரைடும் அதே மூட்டையில் இருந்தால் கேட்கவே வேண்டாம், அதுவும் ஈரத்தை இழுக்கிற சாதி. நான் பார்த்தவரை, சல்பேட்டால் வந்த நட்டம் என்று சொல்லப்பட்டதில் பாதி, பழைய மூட்டையால் வந்த நட்டம்.

ஹைட்ராக்ஸி வகை, அதாவது ஹைட்ராக்ஸிகுளோரைடு, நம் ஊரில் அதிகம் பேசப்படாதது. எனக்கு இதன் மேல் ஒரு பட்சம் உண்டு, ஒளிப்பானேன். வெறும் தண்ணீரில் கரையாது, அமிலத்தில்தான் கரையும். ஆகவே மூட்டையில் சாதுவாகக் கிடக்கும், தீனிப்பையிலும் பெரிதாக அசையாது. நாம் பசாரில் பெடால் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த அரைக்கும் பையின் அமிலத்தில் போய்த்தான் மெல்ல அவிழும். துத்தநாகம் 55 சதவீதம், செம்பு 58 சதவீதம் என்று அடர்த்தியும் அதிகம். கீலேட்டைவிட மலிவு, சல்பேட்டைவிட விலை. செம்புக்கு மட்டுமாவது இதற்கு மாறுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வைட்டமினைக் கெடுப்பதில் செம்புதான் முதல் குற்றவாளி.

கீலேட் என்பது கிரேக்க மொழியில் நண்டின் கொடுக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. புக்கிட் தம்புனில் நண்டு தின்றவர்களுக்கு விளக்கம் வேண்டாம்: உலோக அணுவை அமினோ அமிலமோ சிறு புரதத் துண்டோ இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருக்கும். பைட்டேட் வந்து இழுத்தாலும் சட்டென்று விடாது. ஆனால் எல்லா நண்டுக்கும் ஒரே பிடி இல்லை. சிலதில் பிணைப்பு உறுதியாக இருக்கும். சிலது அமிலத்தில் இறங்கியதுமே கைவிட்டுவிடும், அப்புறம் அது விலை கூடின சல்பேட்தான். விற்பவரிடம் பிணைந்திருக்கும் உலோகம் எத்தனை சதவீதம், பிணைப்பது எது என்று கேளுங்கள். வழவழா பதில் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். துத்தநாகம் 15 சதவீதமே உள்ள கீலேட்டில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்ற அளவை எட்ட, டன்னுக்கு 670 கிராம் கொட்ட வேண்டும். சல்பேட் என்றால் 290 கிராம் போதும்.

இப்போது அண்ணனின் ‘கூட’வுக்கு வருவோம். கீலேட்டின் மேன்மையைக் காட்டும் சோதனைகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் தாது குறைவாக வைத்த தீவனத்தில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தேவைக்கு மேல் ஏற்கெனவே கொட்டிவிட்ட கோழியிடம் எந்த வடிவமும் ஒன்றுதான். மிஞ்சினது எச்சத்தில் போய், அந்த எரு ஏதாவது காய்கறிப் பாத்தியில் விழும். குடம் நிரம்பிய பிறகு நல்ல தண்ணீர் ஊற்றினாலும் வழியத்தான் செய்யும். கீலேட்டுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றால் மொத்த அளவைக் குறைக்க வேண்டும்: சல்பேட்டில் 100 இருந்த இடத்தில் கீலேட்டில் 40, 50. அந்தக் கணக்கில் டன்னுக்கு 270லிருந்து 330 கிராம்தான், விலையும் தாங்கும். ஐரோப்பிய ஒன்றியம் கோழித் தீவனத்தில் மொத்தத் துத்தநாகத்துக்கு 120, செம்புக்கு 25 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்த பிறகு அங்கே இந்த வழிக்கு மவுசு. நம் ஆட்களோ அளவைக் குறைப்பது என்றாலே நடுங்குகிறார்கள்.

மாங்கனீஸில் எனக்குத் தயக்கம் அதிகம். கோழி அதை உறிஞ்சுவதே மிகக் குறைவு. அது பற்றாமல் போனால் கணுக்காலின் தசைநார் விலகி, கோழி காலைப் பரப்பிக்கொண்டு கிடக்கும். 1930களிலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்த விஷயம் இது. ஆகவே மாங்கனீஸை நான் அவ்வளவு கீழே இறக்குவதில்லை. இரும்பைப் பற்றிப் பேச நேரம் செலவழிக்க வேண்டாம், சோயாவிலும் பாஸ்பேட்டிலுமே போதுமானது வந்துவிடுகிறது.

செலினியம் தனிக் கதை. சோடியம் செலினைட் மலிவு, ஆனால் டன்னுக்கு முக்கால் கிராம் கூட வராத அளவு. புள்ளி ஒன்று இடம் மாறினால் விஷம், அதனால்தான் நீர்த்த கலவையாகவே வாங்குகிறோம். செலினியம் ஈஸ்டில் இருப்பது செலினோமெத்தியோனின். உடம்பு அதை மெத்தியோனின் என்ற அமினோ அமிலமாக நினைத்துத் தசைக்குள் கட்டிவிடும், இறைச்சியில் ஒரு சேமிப்பு போல நிற்கும். வைத்து விற்கும் இறைச்சி சீக்கிரம் கெடாமல் இருக்க அது உதவும் என்பது வாதம். கோழியை அன்றே அறுத்துக் காலைச் சந்தையில் விற்பவருக்கு ஈஸ்டின் விலை வீண் என்பேன். குளிரூட்டித் தட்டில் அடுக்கி சூப்பர்மார்க்கெட்டுக்கு அனுப்புபவர் யோசிக்கலாம், வைட்டமின் ஈ-யும் சரியாக இருந்தால்.

அண்ணன் காலைப் பற்றித்தான் கவலைப்பட்டார். கோழிக்கால் தனியாக விலை போகிற ஊர் இது; டிம் சம் கடைக்குக் கறுத்த கால் ஆகாது. துத்தநாகம் தோலைக் கட்டும், புண்ணை ஆற்றும், எல்லாம் உண்மைதான். ஆனால் நான் கோழிகள் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் வரிசைக்குக் கீழே குனிந்து, தரையில் பரப்பியிருந்த நெல் உமியை ஒரு கை அள்ளிப் பிழிந்தேன். உருண்டையாக நின்றது. விரலிடுக்கில் ஈரம், மூக்கில் அம்மோனியா.

“முதல்ல இந்தக் குழாயோட பிரஷரைக் குறைங்க அண்ணே. ரெண்டு நிப்பிள் ஒழுகுது.”

“அந்த சேல்ஸ்மேன் இதெல்லாம் பார்க்கலையே.”

“அவர் ஆபீஸ் ரூம்லயே உட்கார்ந்துட்டுப் போயிருப்பார்.”

அடுத்த பேட்சுக்கு நாங்கள் முடிவு செய்தது இவ்வளவு: செம்பு முழுவதும் ஹைட்ராக்ஸி. துத்தநாகம் குஞ்சுத் தீவனத்தில் மட்டும் பாதி கீலேட், பாதி சல்பேட், மொத்தம் 80. பிறகு சல்பேட் மட்டும். மாங்கனீஸ் பழையபடி. செலினைட்டே போதும். பிரிமிக்ஸ் ஆறு வாரத்துக்கு மேல் ஸ்டோரில் நிற்கக் கூடாது. நிப்பிளுக்கு வாஷர் வாங்க அவர் அன்று மாலையே சுங்கை பாக்காப் போய்விட்டார்.