நகரமன்றத் தேர்தல்: வார்டுக்கு ஒருவரா, விகிதாசாரமா?

வார்டுக்கு ஒருவர், அதிக வாக்கு பெற்றவருக்கே இடம். இதன் பலம் எளிமை. தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் முறையிடுவது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நெருக்கம் சிறிய விஷயமல்ல.

ஆனால் நகரம் முழுவதற்குமான கணக்கு நெஞ்சைச் சுடுகிறது. 1935-இல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சி மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளை வைத்து 65 இடங்களில் 62-ஐ அள்ளியது. மற்றவர்களுக்கு வாக்களித்தவர்களும் வரி கட்டியவர்கள்தானே? அடுத்த ஆண்டே மக்கள் விகிதாசார முறையை, அதாவது வாக்குகளின் பங்குக்கு ஏற்ப இடங்களைப் பகிரும் முறையை, வாக்கெடுப்பில் ஏற்றார்கள். சிறு கட்சிகளும் அவைக்குள் வந்தன. கம்யூனிஸ்டுகளும் வென்றதைக் காட்டி எதிர்ப்பாளர்கள் அச்சத்தைக் கிளப்ப, 1947-இல் அது ஒழிக்கப்பட்டது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரம் 1941 முதல் ஒற்றை மாற்று வாக்கு என்னும் விகிதாசார முறையைக் கைவிடவில்லை. வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார். இடங்கள் 9, பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வாக்கு கிடைத்தால் வெற்றி. வென்றவரின் உபரி வாக்குகளும், கடைசியில் நின்று விலக்கப்பட்டவரின் வாக்குகளும் அடுத்த விருப்பத்துக்குப் போகின்றன. எண்ணுவது சிக்கல்தான், வாக்களிப்பது அல்ல.

வார்டு உறவு அறுந்துவிடுமே என்பவர்கள் ஸ்காட்லாந்தைப் பார்க்கலாம். அங்கே 2007-இல் இதே முறை வந்தபோது வார்டுக்கு 3 அல்லது 4 உறுப்பினர்கள். ஒருவர் செவிசாய்க்காவிட்டால் இன்னொருவரிடம் போகலாம். என் வாக்கு இதற்கே.