இரண்டு வருடம், இரண்டு எஸ்எஸ்டி, ஒரு போஸ்ட்கிரெஸ்

எங்கள் மருந்து மொத்த வியாபாரத்தின் பில்லிங் முழுக்க ஒரே போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) சர்வரில் ஓடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பதினெட்டு கவுன்டரிலும் ஒரே நேரத்தில் பில் போடுவார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டதும் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். பெட்டியில் ஐஓபிஎஸ் (வினாடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்ற கணக்கு) லட்சக்கணக்கில் அச்சிட்டிருந்தது. ஆனால் 'சேவ்' அழுத்தினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது ஒரு மாற்றத்தை உறுதிசெய்யும் ஒவ்வொரு முறையும், போஸ்ட்கிரெஸ் தன் வால் (WAL, மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் லாக்) பதிவை எஃப்சிங்க் செய்து (டிஸ்க்கிலேயே எழுதச் சொல்லி), டிஸ்க்கில் நிஜமாகவே இறங்கியதா என்று பதில் வரும்வரை காத்திருக்கும். பெட்டியில் போடும் கணக்கு பல வேலைகளை ஒரே நேரத்தில் கொடுத்து அளந்தது. இந்தக் காத்திருப்பு அதில் வராது. போஸ்ட்கிரெஸுடனேயே வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் என்ற சோதனைக் கருவியை ஓட்டிப் பார்த்தேன். வினாடிக்கு 600 சொச்சம் எஃப்சிங்க்தான்.

அப்புறம் செகண்ட் ஹேண்டில் ஒரு சர்வர் ரக எஸ்எஸ்டி வாங்கினேன். அதன் பலகையில் மஞ்சள் நிறக் கெபாசிட்டர்கள் வரிசையாக இருக்கும். கரன்ட் போனாலும் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) உள்ளதை எழுதி முடிக்க அவை போதும் என்பதால், எஃப்சிங்க்குக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறது. அதே சோதனையில் 20,000க்கு மேல் வந்தது. ஒரே தலைவலி, அது 110 மில்லிமீட்டர் நீளம். எங்கள் போர்டில் 80க்குத்தான் இடம். தனியாக அடாப்டர் கார்டு வாங்க வேண்டியதாயிற்று.

எஃப்சிங்க்கையே ஆஃப் செய்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கரன்ட் போனால் டேட்டாபேஸே கெட்டுப்போகலாம், வேண்டவே வேண்டாம். லாகின் பதிவுகளுக்கு மட்டும் சிங்க்ரனஸ் கமிட்டை (எஃப்சிங்க் முடியும்வரை காத்திருப்பதை) ஆஃப் செய்திருக்கிறேன். சர்வர் விழுந்தால் கடைசிச் சில வரிகள் போகும், அவ்வளவுதான்.

இன்னொரு மாற்றமும் பலன் தந்தது. மேக்ஸ் வால் சைஸ் (வால் எவ்வளவு வளரலாம் என்ற அளவு) வந்தபடியே 1 ஜிபியில் இருந்தது. அது சீக்கிரம் நிரம்பி, செக்பாயின்ட் (மாற்றங்களை டேட்டா ஃபைல்களில் இறக்கும் வேலை) அடிக்கடி வந்தது. ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்குப் பிறகும், முதல்முறை மாறும் 8 கேபி பக்கம் முழுசாக வாலில் ஏறும். 16 ஜிபி ஆக்கி, செக்பாயின்ட் இடைவெளியை 5 நிமிடத்திலிருந்து 15 ஆக்கினேன். வாலில் எழுதும் அளவு பாதியாகக் குறைந்தது. இது சும்மா கிடைக்கவில்லை, ஒருமுறை யூபிஎஸ் காலை வாரியபோது மீண்டு எழ மூன்று நிமிடம் ஆனது. கவுன்டரில் நின்றவர்களுக்கு அது மூன்று மணி நேரம்.

மாதக் கடைசி ஸ்டாக் ரிப்போர்ட் மட்டும் இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. அதற்கு டிஸ்க்கைக் குறை சொல்ல முடியாது, க்வெரி எழுதியது நான்தான்.